கைத்தொலைபேசிக்குள் இருக்கும் படிக்கட்டுகள்

போன வருடம் மாசி மாதத்தில் ஒரு பின்னேரம், அடுத்த வளவில் இருக்கும் அக்கா ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். அவருக்குப் பார்வை இல்லை. நீரிழிவு விழித்திரையைப் பிடித்து, நாற்பது வயது தாண்டுவதற்குள் இரண்டு கண்களையும் எடுத்துவிட்டது. திண்ணையில் இருந்தவர், நான் வந்த சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, உன்ட போனில கல்முனையில ஒரு டொக்டருக்கு நம்பர் போட்டுத் தாவன்" என்றார்.

"எந்த டொக்டர் அக்கா?"

பதில் வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. "பொம்புளயளப் பாக்கிற டொக்டர்."

நான் தம்பிலுவிலில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஓர் ஆசிரியன். அதனால் எங்கள் ஒழுங்கையில் யாருக்கு எந்த விண்ணப்பம் நிரப்புவதென்றாலும், மின்கட்டணம் கட்டுவதென்றாலும், டொக்டரைச் சனல் பண்ணுவதென்றாலும் வேலை என்னிடம்தான் வரும். அக்காவுக்கும் அதற்கு முன்னர் கண் டொக்டருக்கும் சீனி வருத்த டொக்டருக்கும் பல தடவைகள் நம்பர் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அப்போதெல்லாம் பகிடி பேசிக்கொண்டே முடித்துவிடுவோம். இந்த முறை செயலி கேட்ட கேள்விகள் வேறு. என்ன பிரச்சினை, எவ்வளவு நாளாக, எத்தனை பிள்ளைகள். நான் ஒவ்வொன்றாக வாசிக்க, அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு பதில் சொன்னார். ஐந்து மாதங்களாக இரத்தப்போக்கு.

ஐந்து மாதம் ஏன் சொல்லாமல் இருந்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. மகள் கல்யாணம் முடித்துத் திருகோணமலையில் இருக்கிறார். சனல் சென்டருக்குப் போன் எடுத்தால் லைன் கிடைக்காது, கிடைத்தாலும் "ஒன்லைனில போடுங்க" என்பார்கள். ஒன்லைனில் போடுவதற்கு இன்னொருவருடைய கண்கள் வேண்டும். அந்தக் கண்களோடு ஊரில் அவருக்கு வாய்த்த ஆள் நான்; ஓர் ஆண்பிள்ளை, தம்பி முறை.

கர்ப்பப்பையில் கட்டி. புற்றுநோய் இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் இரத்தம் மிகவும் குறைந்திருந்ததால் வார்டில் வைத்து இரண்டு பைந்து இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "பேரப் போடாத. மத்ததெல்லாம் எழுது" என்றார். இந்தக் கட்டுரை அந்த ஐந்து மாதங்களைப் பற்றியது.

அண்மையில் என் போனில் இருந்த பழைய குறுஞ்செய்திகளை அழிப்பதற்காக எடுத்துப் பார்த்தேன். பதினொரு வீட்டாருடைய நோய் விபரங்கள் அதில் கிடந்தன. யார் மனநல டொக்டரிடம் போனார், யாருக்கு மூலவியாதி, எந்தப் பிள்ளை பிறக்கப் பிந்துகிறது என்று எந்தத் தாய்க்குப் பரிசோதனை. எல்லாம் இலக்கம், திகதி, நேரத்தோடு. இலங்கையின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் (2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம்) சுகாதாரத் தரவைச் சாதாரணத் தரவைவிடக் கூடுதல் பாதுகாப்புக்குரிய விசேட வகையாகக் கருதுகிறது. கம்பனிகளையும் திணைக்களங்களையும் அந்தச் சட்டம் கட்டுப்படுத்தும். அயல்வீட்டுத் தம்பியின் போனுக்குள் வந்து விழும் தரவை அது என்ன செய்யும்?

பார்வையற்றவர்கள், காது கேளாதவர்கள், நடக்க முடியாதவர்கள் என்று சொல்லும்போது ஏதோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் போலத் தோன்றும். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு கேள்விகள் கேட்டார்கள். கண்ணாடி போட்டும் பார்ப்பதில் சிரமமா, கேட்பதில், நடப்பதில், நினைவில் வைத்திருப்பதில், தன்னைத்தானே பராமரிப்பதில், மற்றவரோடு தொடர்பாடுவதில் சிரமமா என்று. ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோர், அதாவது 16 இலட்சம் பேர், ஏதாவது ஒன்றில் சிரமம் உண்டு என்றார்கள். பார்ப்பதில் மட்டும் கிட்டத்தட்ட 10 இலட்சம் பேர். நடப்பதில் 7 இலட்சத்துக்கு மேல். இதில் பெரும்பகுதி முதுமையும் நீரிழிவும் கொண்டுவந்தது. எங்கள் கரையோரத்தில் யுத்தம் கொண்டுவந்ததும் உண்டு, 2004இல் நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த இந்த மாவட்டத்தில் சுனாமி விட்டுச்சென்றதும் உண்டு.

கணினியில் சுகாதார சேவை நடத்துவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. கம்பஹா மாவட்டத்தின் தொம்பே வைத்தியசாலையில் 2010களின் தொடக்கத்திலேயே நோயாளர் பதிவுகளைக் கணினிக்கு மாற்றினார்கள். கொவிட் நோயாளிகளைப் பின்தொடர 2020 ஜனவரியில் இங்குள்ளவர்கள் டிஎச்ஐஎஸ்2 மென்பொருளில் கட்டிய முறையைப் பிறகு பல நாடுகள் எடுத்துக்கொண்டன. ஆகவே திறமை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்தத் திறமை அக்காவின் திண்ணை வரை ஏன் வரவில்லை என்பதுதான் என் கேள்வி.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு நம்பர்

உங்களிடம் அண்ட்ரொயிட் போன் இருந்தால் இதை இப்போதே செய்து பார்க்கலாம். செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி என்ற பகுதிக்குள் டோக்பேக் என்றொரு வசதி இருக்கும். அதை இயக்கினால், விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறதோ அதைப் போன் வாய்விட்டு வாசிக்கும். விரலை வலப்பக்கம் இழுத்தால் அடுத்ததற்குப் போகும். இரண்டு தட்டுத் தட்டினால் தெரிவாகும். தமிழிலும் வாசிக்கும். (நிறுத்தத் தெரியாமல் முழிக்க வேண்டாம். சத்தத்தைக் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து மூன்று செக்கன் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் நின்றுவிடும். முதல் நாள் எனக்கு அது தெரியாமல் போனை அணைத்துப் போட்டுவிட்டேன்.) கணினியில் இதே வேலையைச் செய்ய என்விடிஏ என்ற மென்பொருள் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் 2006இல் தொடங்கியது, இலவசம்.

அக்கா வைத்தியசாலையில் இருந்து வந்த பிறகு ஓர் இரவு, மூன்று முன்பதிவுச் செயலிகளை எடுத்து, கண்களைச் சால்வையால் கட்டிக்கொண்டு, நம்பர் போட்டுப் பார்த்தேன்.

முதலாவதில் வாசலையே தாண்டவில்லை. விரலை இழுக்க இழுக்க, "பொத்தான், பெயரிடப்படாதது" என்ற ஒரே வசனம் ஐந்து தடவை வந்தது. கண்ணுக்கு அங்கே அழகான சின்னச் சின்னப் படங்கள் இருக்கின்றன: வீடு, டொக்டர், மருந்துக் குப்பி. திரைவாசிப்பான் படத்தைப் பார்ப்பதில்லை. அந்தப் படத்துக்குப் பின்னால் நிரல் எழுதியவர் ஒரு பெயர் எழுதி வைத்திருந்தால் அதை வாசிக்கும், எழுதாவிட்டால் பெயரில்லை என்று சொல்லும். ஒரு பொத்தானுக்குப் பெயர் வைக்க ஒரு வரி போதும். என் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கே அதைப் படிப்பிக்கலாம்.

இரண்டாவதில் டொக்டர்களின் பெயர்கள் ஒழுங்காக வாசிக்கப்பட்டன. சந்தோஷப்பட்டுக்கொண்டு உள்ளே போனால் நாட்காட்டி. "பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கு." எந்த மாதம் என்று சொல்லவில்லை. எந்த நாளில் இடம் இருக்கிறது என்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அது நிறத்தில் இருந்தது. பச்சை என்றால் இடமுண்டு, சிவப்பு என்றால் முடிந்தது. முழுப் பார்வையிழப்பு வேண்டாம், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் எத்தனை பேர் நம்மிடையே இருக்கிறார்கள்! அவர்களும் இந்த இடத்தில் தடக்கி விழுவார்கள்.

மூன்றாவது கடைசிப் படி வரை வந்தது. போனுக்கு ஓர் ஆறிலக்க எண் அனுப்பினார்கள். ஒரு நிமிடத்துக்குள் அடிக்க வேண்டும். செய்தியைத் திறந்து, வாசிக்கக் கேட்டு, மனதில் வைத்துக்கொண்டு, திரும்பச் செயலிக்கு வந்து, கட்டத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் நேரம் முடிந்தது. மறுபடி கேட்டேன். மறுபடி முடிந்தது. மூன்றாம் முறை, நான் மனிதன்தான் என்று நிரூபிக்கச் சொல்லி நெளிந்த எழுத்துகளைக் காட்டினார்கள் போலும். போன் "படம்" என்று மட்டும் சொன்னது. சால்வையை அவிழ்த்துவிட்டேன். அக்காவுக்கு அவிழ்க்க என்ன இருக்கிறது?

இவை யாரும் அறியாத புதிர்கள் அல்ல. இணையத்தளங்களும் செயலிகளும் எப்படி அமைய வேண்டும் என்பதற்கான உலக வழிகாட்டியை டபிள்யூ3சி என்ற அமைப்பு 1999இல் இருந்து வெளியிட்டு வருகிறது. நிறத்தால் மட்டும் தகவல் சொல்லாதே என்பது அதில் பழைய விதி. நேரக் கட்டுப்பாடு வைத்தால் நீட்டிக்க வழி கொடு என்பதும் பழையது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது. கண்ணில் வெள்ளை படர்ந்த முதியவர்களுக்கு வெளிர்சாம்பல் எழுத்து தெரியாது. 2023 ஒக்டோபரில் வந்த 2.2 பதிப்பு, உள்நுழைவதற்காக ஒருவரை மனப்பாடம் செய்யவோ புதிர் அவிழ்க்கவோ வைக்காதே, வேறு வழியும் கொடு என்று சேர்த்தது. மறதி நோயுள்ளவர்களையும் அறிவுசார் குறைபாடுள்ளவர்களையும் மனதில் வைத்த விதி இது. ஓர் இலக்கத்தையும் நினைவில் வைக்க முடியாத என் அப்பாவுக்கும் பொருந்தும்.

கே, யூ, ஈ, அரைப்புள்ளி, ஜே

இனி நமக்கே உரிய ஒரு கோளாறு. இதை வேறு நாட்டு வழிகாட்டிகளில் காணமாட்டீர்கள்.

இலங்கையில் தமிழ் தட்டச்சு செய்யும் அலுவலகங்களில் இன்னும் பாமினி எழுத்துரு வாழ்கிறது. பாமினியில் அடித்த ஆவணம் கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் கோர்வை. மேலே தமிழ் முகமூடி போட்டிருக்கிறது, அவ்வளவுதான். 'மருந்து' என்று பாமினியில் அடித்தால் உள்ளே கிடப்பது கே, பெரிய யூ, ஈ, அரைப்புள்ளி, பெரிய ஜே. திரைவாசிப்பான் முகமூடியைப் பார்க்காது. அக்காவின் போன் 'மருந்து' என்ற இடத்தில் "கே யூ ஈ ஜே" என்று இங்கிலீசில் உளறும். 'அம்மா' என்ற சொல்லோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். நீரிழிவு உள்ளவர்கள் காலை எப்படிப் பராமரிப்பது என்று நான்கு பக்கத்தில் நல்ல தமிழில் யாரோ பாடுபட்டு எழுதிய கையேடு ஒன்றை அவருடைய போனுக்கு அனுப்பினேன். நான்கு பக்கமும் இப்படித்தான் வாசித்தது. அவர் சிரித்துவிட்டார். "இது என்ன பாசை தம்பி?"

தமிழுக்கு ஒருங்குறியில் 1991இல், அதன் முதல் பதிப்பிலேயே, இடம் கிடைத்துவிட்டது. இன்று எந்தப் போனிலும் நாம் அடிக்கும் தமிழ் ஒருங்குறித் தமிழ்தான். பழைய கோப்புகளை மாற்றித் தரும் இலவசக் கருவிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு கையேட்டை மாற்ற ஒரு நிமிடம். ஆனால் அதை மாற்றாமல் அப்படியே பீடிஎஃப் ஆக்கி இணையத்தில் ஏற்றினால், தமிழில் வெளியிட்டாயிற்று என்று கணக்குக் காட்டலாம், பார்வையற்ற தமிழர் ஒருவருக்கும் அது போய்ச்சேராது.

இதைவிடப் பொதுவானது படம். கிளினிக் திகதி மாறினால், தடுப்பூசி போடும் இடம் மாறினால், கடிதத் தலைப்பில் அடித்து, கையெழுத்து வைத்து, முத்திரை குத்தி, அதைப் போனால் படமெடுத்து முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் போடுகிறோம். முத்திரை இல்லாவிட்டால் சனம் நம்பாது என்பது உண்மை. படத்துக்குக் கீழே அதே விடயத்தை இரண்டு வரியில் தட்டச்சு செய்தால் போதும். அந்த இரண்டு வரி கொழும்பில் இருந்து நிதி ஒதுக்கி வர வேண்டியதல்ல.

காது கேளாதவருக்குப் போன் கொடுத்தால்

அக்கரைப்பற்றில் தையல்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்குக் காது கேட்காது. மனைவிக்கும் கேட்காது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவனின் போன் இலக்கத்தைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார். இரவில் நோவு கண்டால் அவனுக்கு வீடியோ அழைப்பு எடுத்து, அவன் எழும்பி வந்து, அவன் வாயால் அம்புலன்சைக் கூப்பிட வேண்டும். அவன் நித்திரை என்றால்? கேட்டபோது தோளைக் குலுக்கினார்.

அம்புலன்சுக்கு 1990, சுகாதார ஆலோசனைக்கு 1999, மனநல உதவிக்கு 1926. மனப்பாடமாகத் தெரிந்த இந்த இலக்கங்கள் எல்லாம் வாயையும் காதையும் நம்பி உருவானவை. இது இலங்கையின் தனிக்குறை அல்ல, அவசர இலக்கம் என்ற எண்ணமே உலகெங்கும் குரல் அழைப்போடு பிறந்தது. பிரித்தானியாவில் 999 அழைப்புக்குச் சைகைமொழிச் சேவை வந்தது 2022 ஜூனில்தான். காது கேளாதவர் வீடியோவில் சைகை செய்ய, நடுவில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் அதைக் குரலாக்கி அவசர சேவைக்குச் சொல்கிறார். அமெரிக்காவில் இப்படி நடுவில் ஆள் வைத்து அழைப்பை மாற்றித்தரும் சேவையை 1990 ஆம் ஆண்டின் சட்டமே கட்டாயமாக்கியது.

எழுதிக் காட்டினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். நண்பர் எழுதுவார், ஆனால் அவருடைய தமிழ் நம்முடைய தமிழ் போல இருக்காது. சைகைமொழிக்குத் தனி இலக்கணம் உண்டு, எழுத்துத் தமிழ் அவருக்கு இரண்டாம் மொழி. ஐந்தாம் ஆண்டோடு பாடசாலையை விட்டவர். "உணவுக்கு முன் இரு வேளை" என்று மருந்துப் பையில் எழுதிக் கொடுத்ததை, உணவும் சேர்த்து இரண்டு வேளைதான் என்று விளங்கிக்கொண்டு ஒரு கிழமை மதியச் சாப்பாட்டை விட்டார். சூரியன் உதிக்கும் படம், சூரியன் மறையும் படம், தட்டுப் படம் என்று வரைந்து கொடுத்திருந்தால் இந்தக் கூத்து நடந்திராது. சில மருந்தகங்களில் அப்படிக் கொடுப்பதையும் கண்டிருக்கிறேன்.

வரிசையில் காத்திருப்பது இன்னொரு கதை. இலக்கப் பலகை மின்னினால் நண்பருக்கு வசதி, அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. ஆள் கூப்பிட்டால் அக்காவுக்கு வசதி, நண்பர் கடைசி ஆளாக மாலை வரை இருப்பார். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் இருவரும் வீட்டுக்குப் போகலாம்.

டிஜிட்டல் சேவையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதனால் வாழ்க்கை மாறிய ஒருவரையும் எனக்குத் தெரியும். மரத்தில் இருந்து விழுந்து முள்ளந்தண்டு அடிபட்ட இளைஞர், இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கல்முனைக்குப் போவதென்றால் ஓட்டோ பிடிக்க வேண்டும், ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டும். அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று ஒவ்வொரு ஊரின் சந்தியிலும் குலுங்கிக்கொண்டு போய், டொக்டரைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, திரும்பவும் அதே பாதை. படுக்கைப் புண் உள்ளவருக்கு அந்தப் பயணமே புண்ணைப் பெருப்பிக்கும். இப்போது தாதியொருவர் வீட்டுக்கு வரும்போது புண்ணைப் படமெடுத்து அனுப்புகிறார், டொக்டர் வீடியோவில் பேசுகிறார். நேரில் வரச் சொன்னால் மட்டும் போகிறார். விரல்கள் நன்றாக வேலை செய்யும், கண் தெரியும், காது கேட்கும் என்பதால் அந்தச் செயலி அவருக்குக் கதவைத் திறந்தது.

2020 முடக்க காலத்தில் கிளினிக் மருந்துகளைத் தபால்காரர்கள் வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்ததும் நினைவிருக்கும். யாரும் செயலி இறக்கத் தேவையிருக்கவில்லை. பார்வையற்றவர், நடக்க முடியாதவர், போனே இல்லாதவர் எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சைக்கிள் மணி கேட்டது. காது கேளாதவருக்குக் கதவைத் தட்டாமல் வேலியால் எட்டிப் பார்த்துக் கையசைக்கத் தபால்காரருக்குத் தெரியும். நான் கண்டதில் இதுதான் மிகவும் அணுகக்கூடிய தொலைமருத்துவச் சேவை. அதை ஏன் நிரந்தரமாக வைத்திருக்கக் கூடாது என்று இன்றும் நினைப்பதுண்டு.

சட்டம் எங்கே நிற்கிறது

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இலங்கையில் 1996இல் (28ஆம் இலக்கம்) வந்தது. அதன் கீழ் 2006 ஒக்டோபரில் அணுகல் ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாகின. அவை பேசுவது கட்டடங்களைப் பற்றி: சாய்தளம், கைப்பிடி, மலசலகூடம், மின்தூக்கி. அவையும் நடைமுறைக்கு வராததால், சக்கரநாற்காலியில் இயங்கிய கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் போனார். பொதுக் கட்டடங்களில் அந்த விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்று 2011இல் நீதிமன்றம் கட்டளையிட்டது. வைத்தியசாலைகளில் இன்று காணும் பல சாய்தளங்களுக்கு அந்த ஒருவரின் பிடிவாதத்திலும் பங்குண்டு.

ஆனால் வைத்தியசாலையின் வாசல் இப்போது இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று வீதியில், மற்றது போனில். முதலாவது வாசலில் படிக்கட்டு இருந்தால் பார்த்த உடனே தெரியும், படமெடுத்துப் பத்திரிகையில் போடலாம். இரண்டாவதில் இருக்கும் படிக்கட்டு அதில் தடக்குபவருக்கு மட்டும்தான் தெரியும். ஐக்கிய நாடுகள் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2007 மார்ச்சில் கையொப்பமிட்டு, 2016 பெப்ரவரியில் ஏற்றுறுதி செய்தது. அதன் 9ஆம் உறுப்புரை கட்டடங்களோடு நிற்கவில்லை. இலத்திரனியல் சேவைகளையும் அவசர சேவைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 25ஆம் உறுப்புரை சுகாதாரம் பற்றியது. ஒப்பமிட்ட தாளில் இருப்பது உள்நாட்டு விதியாக இறங்கி வர வேண்டும், அதுதான் பாக்கி.

பக்கத்து நாட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வங்கிக் கணக்குத் திறக்கக் கமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொன்னார்கள். அமில வீச்சில் முகமும் கண்களும் சிதைந்த பெண்களால் சிமிட்ட முடியவில்லை. அவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், 2025 ஏப்ரல் 30 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் சேவைகளை அணுகுவது உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து 20 பணிப்புரைகளை வழங்கியது. தீர்ப்பை எழுதியவர் சென்னையில் இருந்து போன நீதியரசர் ஆர். மகாதேவன். முகம், கண், விரல் மூன்றையும் பதியும் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் இந்திய நிதியுதவியோடு இங்கேயும் வருகிறது. நாளை வைத்தியசாலைப் பதிவும் அதோடு இணையலாம். யுத்தத்தில் இரண்டு கைகளையும் இழந்தவர் எந்த விரலை வைப்பார் என்று இப்போதே கேட்டுவைப்பது நல்லது.

தொலைமருத்துவத்துக்கென்றே ஒரு தரத்தை உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2022இல் வெளியிட்டிருக்கின்றன. திரைவாசிப்பானோடு ஒத்துப்போக வேண்டும், வீடியோவில் எழுத்து ஓட வேண்டும், சைகைமொழிபெயர்ப்பாளர் மூன்றாவது ஆளாகச் சேர வழி வேண்டும், பேச முடியாதவர் தட்டச்சில் உரையாட வேண்டும் என்று அது சொல்கிறது. செயலி செய்விக்கும்போது கேள்விப் பத்திரத்தில் அந்தத் தரத்தை ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிட்டால், செய்து தருபவர் செய்துதான் தர வேண்டும். கட்டிய வீட்டை உடைத்துச் சாய்தளம் போடுவது செலவு, வரைபடத்திலேயே போட்டால் மேசனுக்கு அதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான். செய்து முடித்ததும், கண் தெரியாத ஒருவரிடமும் காது கேளாத ஒருவரிடமும் போனைக் கொடுத்து, பக்கத்தில் இருந்து வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என்னைப் போல சால்வை கட்டிப் பார்த்த ஆட்கள் போதாது. நான் ஒரு மணித்தியாலம் குருடன், அவர்களுக்குத் தெரியும் நுணுக்கம் எனக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் 2016இல் இருந்து ஒரு விதி இருக்கிறது. தகவல் எந்த வடிவில் வேண்டும் என்று நோயாளியிடம் ஒரு தடவை கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். பெரிய எழுத்தா, ஒலியா, குறுஞ்செய்தியா, சைகைமொழியா என்று. பிறகு எந்தப் பிரிவுக்குப் போனாலும் அது தெரிய வேண்டும். இதற்குக் கணினிகூடத் தேவையில்லை. நம் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில், இரத்த வகைக்குக் கீழே, ஒரு வரி காணும். "பார்வை இல்லை. குரலில் சொல்லவும்." அல்லது "காது கேளாது. பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், தோளில் தட்டவும்." நண்பருடைய கொப்பியில் நானே சிவப்புப் பேனையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தாதிமார் வாசிக்கிறார்கள், வேலை செய்கிறது.

அக்காவுக்குப் பாடசாலை விடுமுறையில் டோக்பேக் பழக்கினேன். இரண்டு கிழமை எடுத்தது. அந்தக் குரல் எங்கள் ஊரின் பெயரை நடுவில் உடைத்து இரண்டு சொல்லாகச் சொல்வதைக் கேட்டு இன்னும் சிரிப்பார். வட்ஸ்அப்பில் மகளுக்குத் தானே குரல் அனுப்புகிறார், செய்தி கேட்கிறார். சனல் பண்ணும் செயலிகளில் ஒன்றில் டொக்டரையும் திகதியையும் தெரிவு செய்து, காசு கட்டும் பக்கம் வரை தனியே போனார். அங்கே மறுபடி பெயரில்லாத பொத்தான். ஆகவே அக்கரைப்பற்றில் போன் எடுத்தால் பதில் சொல்லும் சனல் சென்டர் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். அங்கே ஒரு தங்கச்சி பொறுமையாக டொக்டர்மாரின் பெயர்களை வாசித்து, நம்பர் போட்டு, நேரத்தையும் சொல்வாராம். காசு போகும்போது கொடுத்தால் சரி.

ஐப்பசி விடுமுறைக்கு மகள் வந்திருந்தபோது இருவரும் காலை பஸ்ஸில் போனதைக் கண்டேன். வேலியடியில் நின்றபடி எங்கே என்று கேட்டேன். "ஒரு அலுவல் தம்பி" என்றார். எந்த டொக்டரிடம் போனார் என்று எனக்குத் தெரியாது.